‘யெஸ்டர்டே’ இருக்கும் வாக்கியத்தில் ‘ஹேவ்’ நிற்காது

கேள்வி: வேலைக்காகத் தினமும் ஆங்கிலத்தில் மெயில் எழுதுகிறேன். 12 டென்ஸ் அட்டவணையும் மனப்பாடம். ஆனாலும் எழுத உட்கார்ந்தால் குழப்பம்தான். ‘ஐ ஹேட் சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே’, ‘ஐ ஆம் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’, ‘வென் ஐ வில் ரீச், ஐ வில் கால் யூ’. இந்த மூன்றையுமே தவறு என்று என் மேலாளர் திருத்தினார். எதை வைத்து டென்ஸைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். வினைச்சொல் எப்படியெல்லாம் உருமாறும் என்பதை அது காட்டும். எந்த உருவத்தை எங்கே போடுவது என்பதைப் பெரும்பாலும் வாக்கியத்தில் இருக்கும் காலச்சொல்தான் முடிவு செய்கிறது. ஆகவே, சொல்லப்போகும் விஷயம் எப்போது நடந்தது, அந்த நேரம் முடிந்துவிட்டதா, இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதை முதலில் தீர்மானித்துவிட்டு வினைக்கு வாருங்கள். அலுவலக மெயில்களை நான்கைந்து டென்ஸ்களிலேயே ஓட்டிவிடலாம். ‘ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங்’ போன்றவை தேர்வுத்தாளுக்கு வெளியே அபூர்வம்.

உங்கள் முதல் வாக்கியத்தில் இருப்பது மிகப் பரவலான தவறு. ‘நேத்தே அனுப்பியிருந்தேனே’ என்று நாம் சர்வசாதாரணமாகப் பேசுகிறோம். அந்த ‘இருந்தேன்’ ஆங்கிலத்துக்குப் போகும்போது ‘ஹேட்’ ஆகிவிடுகிறது. ஆனால் ஆங்கிலத்தில் ‘ஹேட்’ வர, கடந்த காலத்தில் இரண்டு சம்பவங்கள் வேண்டும். முந்தி நடந்ததற்கு ‘ஹேட்’, பிந்தி நடந்ததற்கு சிம்பிள் பாஸ்ட், அதாவது ‘கால்டு’ போன்ற சாதாரண இறந்தகால வடிவம். ‘பை த டைம் யூ கால்டு, ஐ ஹேட் சென்ட் த ஃபைல்’ என்றால், நீங்கள் கூப்பிட்டீர்கள், அதற்கு முன்பே ஃபைல் போய்விட்டது. வெறும் ‘ஹேட் சென்ட்’ என்று நிறுத்தினால், ‘எதற்கு முன்பு?’ என்று படிப்பவர் அடுத்த வரியில் தேடுவார். உங்கள் மெயிலில் நடந்தது ஒன்றே ஒன்று. ‘ஐ சென்ட் த ஃபைல் யெஸ்டர்டே’ போதும். இப்படி எழுதினால் மொட்டையாக, மரியாதையில்லாமல் தெரியுமோ என்று தயங்கி ‘ஹேட்’ சேர்ப்பவர்கள் உண்டு. மரியாதைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

‘ஹேட்’டுக்குப் பதில் ‘ஹேவ்’ போட்டால் சரியாகிவிடுமா? ஆகாது. யெஸ்டர்டே, லாஸ்ட் வீக், டூ டேஸ் அகோ, இன் 2020 என்று முடிந்துபோன நேரத்தைக் குறிப்பிட்டுவிட்டால் ‘ஹேவ் சென்ட்’ போன்ற பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கு அங்கே இடமில்லை. ‘வென்’ என்று கேட்பதும் அப்படித்தான்: ‘வென் டிட் யூ சென்ட் (send) இட்?’ சரி, ‘வென் ஹேவ் யூ சென்ட் இட்?’ தவறு. எப்போது அனுப்பினோம் என்பது முக்கியமில்லை, ஃபைல் இப்போது அவரிடம் இருக்கிறது என்பதே செய்தி என்றால் ‘ஐ ஹேவ் சென்ட் த ஃபைல்’ என்று நேரம் சொல்லாமல் எழுதுங்கள். ‘திஸ் மார்னிங்’ இரண்டு பக்கமும் போகும். காலை 10 மணிக்கு எழுதினால் ‘ஐ ஹேவ் ஸ்போக்கன் டு ஹிம் திஸ் மார்னிங்’ என்று சொல்லலாம், காலைப்பொழுது இன்னும் மிச்சமிருக்கிறது. மாலை 4 மணிக்கு ‘ஐ ஸ்போக் டு ஹிம் திஸ் மார்னிங்’தான். ஜஸ்ட், ஆல்ரெடி, யெட் ஆகியவற்றோடு பிரிட்டிஷ்காரர்கள் பெரும்பாலும் ‘ஹேவ்’ போடுவார்கள். அமெரிக்கர்கள் ‘டிட் யூ ஈட் யெட்?’ என்றும் தாராளமாகக் கேட்பார்கள். எதிரில் இருப்பவர் அப்படி எழுதினால் திருத்தக் கிளம்பிவிடாதீர்கள்.

இரண்டாவது வாக்கியத்துக்கு வருவோம். ‘2019லிருந்து இங்கே வேலை பார்க்கிறேன்’ என்பது தமிழில் நிகழ்காலம். ஆங்கிலத்தில், முன்பு தொடங்கி இப்போதும் தொடர்கிற ஒன்றுக்கு, எப்போதிலிருந்து அல்லது எவ்வளவு காலமாக என்று சொல்லும்போது ‘ஹேவ்’ வேண்டும்: ‘ஐ ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் சின்ஸ் 2019’. ‘ஃபார்’ என்று எழுதும்போது கூடுதல் கவனம் தேவை. ‘ஐ ஹேவ் வொர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் இன்னும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று பொருள்படும். ‘ஐ வொர்க்டு தேர் ஃபார் த்ரீ இயர்ஸ்’ என்றால் அந்த வேலையை விட்டாயிற்று. ரெஸ்யூமேயோடு அனுப்பும் கடிதத்தில் இது மாறிப்போனால் நேர்காணலில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். நோ (know), பிலாங், அண்டர்ஸ்டாண்ட் மாதிரி நிலையைச் சொல்லும் வினைகள் பொதுவாக ‘இங்’ ஏற்காது. ‘ஐ ஹேவ் நோன் ஹிம் சின்ஸ் 2019’ என்றுதான் எழுத வேண்டும்.

மூன்றாவதில் நம் மொழியே கைகொடுக்கும். ‘வென்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வீர்கள் என்று பாருங்கள். ‘போய்ச் சேர்ந்ததும்’, ‘வரும்போது’ என்று வந்தால் ‘வில்’ வேண்டாம், நிகழ்காலம் போதும்: ‘வென் ஐ ரீச், ஐ வில் கால் யூ’. இஃப், ஆஃப்டர், அன்டில், ஆஸ் சூன் ஆஸ் எல்லாவற்றுக்கும் பெரும்பாலும் இதே கதைதான். மாறாக, ‘எப்போது’ என்று வந்தால் ‘வில்’ தாராளமாக வரலாம். ‘அவர் எப்போது வருவார் என்று தெரியவில்லை’ என்பதை ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ என்றே எழுதுங்கள். முந்தைய விதியை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு இந்த ‘வில்’லையும் வெட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். உங்கள் மேலாளர் இதையும் அடித்தால், இந்த முறை நீங்கள் சொன்னதுதான் சரி.