‘மூன்று நாட்கள்’: காரணம் சொல்லாத படம்

வணக்கம். லிதுவேனிய இயக்குநர் ஷாரூனாஸ் பார்டஸின் ‘மூன்று நாட்கள்’ பார்த்தேன். அந்த இளைஞர்கள் யார், ஏன் இப்படி அலைகிறார்கள் என்று கடைசிவரை சொல்லவே இல்லை. பேச்சும் அபூர்வம். கதையே தெரியாதவர்கள்மேல் எப்படி இரக்கம் வரும்?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அப்பா குடிகாரர், வேலை போய்விட்டது என்று ஒரு வரி சொல்லியிருந்தால், நாம் ‘ஐயோ பாவம்’ என்றுவிட்டு அடுத்த வேலையைப் பார்த்திருப்போம். பார்டஸ் அந்த வசதியை நமக்குத் தரவில்லை. அதற்காகவே எனக்கு அவர்மேல் மரியாதை.

கதை என்று பார்த்தால் கொஞ்சம்தான். லிதுவேனியாவிலிருந்து இரண்டு இளைஞர்கள் கலினின்கிராடுக்குப் போகிறார்கள், ஒரு பெண்ணைச் சந்திக்கிறார்கள், சேர்ந்து இருக்க ஓர் இடம் அமையவில்லை. ஆனால் ஊர் எதுவென்று கவனியுங்கள். இரண்டாம் உலகப்போர் வரை அது கோனிக்ஸ்பெர்க் என்ற ஜெர்மன் நகரம். போர் முடிந்ததும் சோவியத் கைக்குப் போனது. அங்கிருந்த ஜெர்மானியர்களை வெளியேற்றிவிட்டு, சோவியத்தின் பல மூலைகளிலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். ராணுவப் பகுதி என்பதால் வெளிநாட்டவர் உள்ளே போகவே முடியாமல் பல காலம் கிடந்தது. படம் வந்த 1991இல் சோவியத் உடைந்தது. கலினின்கிராடு ரஷ்யாவுக்குச் சொந்தமாக இருந்தும் அதோடு ஒட்டாத தனித்துண்டாகிப் போனது. அப்படிப்பட்ட ஊரில் மூன்று பேர் ஓர் அறை தேடுகிறார்கள். ‘ஏன்’ என்ற உங்கள் கேள்விக்கு அந்தச் சுவர்களிலேயே பாதி பதில் இருக்கிறது.

அந்தப் பெண்ணாக நடித்த காத்தரினா கோலுபேவா வரும் இடங்களை மட்டுமாவது மறுபடி பாருங்கள். அவர் சும்மா நிற்பார், எங்கோ பார்ப்பார். நாம் அடுத்த ஷாட்டுக்குத் தயாராகிவிடுவோம், கேமரா நகராது. முதலில் சலிப்பு வரும். அப்புறம் அந்தக் கண்களையும் உதட்டையும் உண்மையிலேயே பார்க்கத் தொடங்குவோம். தெருவோரத்தில் இப்படி ஒருவர் நின்றால் இரண்டு நொடியில் பார்வையைத் திருப்பிக்கொள்கிறோமே, அந்தத் தப்பித்தலை இங்கே பார்டஸ் அனுமதிப்பதில்லை. ‘எப்படி இரக்கம் வரும்’ என்று கேட்டிருக்கிறீர்கள். வராவிட்டால் பரவாயில்லை. அவ்வளவு நேரம் அவர்களோடு இருந்தீர்கள், இத்தனை நாள் கழித்தும் ‘யார் இவர்கள்’ என்று கேட்கிறீர்கள். எனக்கு அது இரக்கத்தைவிடப் பெரிதாகப் படுகிறது.

முடிந்தால் 1995இல் வந்த பார்டஸின் ‘கோரிடோரியஸ்’ பாருங்கள். லிதுவேனியத் தலைநகர் வில்னியஸில் ஒரு பழைய குடியிருப்பு, கறுப்பு வெள்ளை, வசனம் அதைவிடக் குறைவு. சமையலறையில் எல்லோரும் குடித்து ஆடும் நீண்ட காட்சி ஒன்று உண்டு. பார்த்துவிட்டு, பிடிக்காவிட்டாலும் சரி, எழுதுங்கள்.