“சக்கை தரட்டா?” – குமரி மாவட்டத்துக்குக் குடிவந்தவர்களின் கேள்விகளும் என் பதில்களும்

நான் தஞ்சாவூர்க்காரி. கல்யாணமாகி டெல்லியில் 16 வருடம் இருந்தோம். கணவருக்கு வேலை மாற்றலாகி 2011 ஜூனில் இரண்டு பிள்ளைகளோடு நாகர்கோவில் வந்து இறங்கினோம். அன்றிலிருந்து பார்வதிபுரம் பக்கம்தான் வாசம். வடக்கிலிருந்து புதிதாக வருகிற குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகள் ஒரு நோட்டு நிறையச் சேர்ந்துவிட்டன. முடிந்தவரை பதில் சொல்கிறேன்.

கேள்வி: குர்கானிலிருந்து மே மாதம் வருகிறோம். வீட்டில் தமிழ்தான் பேசுகிறோம். பிள்ளைகளுக்கு (6, 11 வயது) மொழிப் பிரச்சினை இருக்காது, சரிதானே?

நானும் அந்தத் தைரியத்தில்தான் வந்தேன். வந்த மூன்றாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, “சக்கை தரட்டா?” என்றார். கரும்புச் சக்கை, புளிச் சக்கை தவிர வேறு சக்கை எனக்குத் தெரியாது. “வேண்டாங்க, எங்க வீட்ல மாடு இல்லை” என்று சொல்லிவிட்டேன். அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். அப்புறம் உள்ளே போய் ஒரு தட்டு நிறையப் பலாச்சுளையோடு வந்தார். இங்கே பலாதான் சக்கை. அன்னாசி, கைதச்சக்கை.

தட்டை வெறுமையாகத் திருப்பக் கூடாதே என்று வற்றல் குழம்பு வைத்துக் கொடுத்தேன். மறுநாள் கேட்டதற்கு “கொள்ளாம்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். வாய்க்குக் கொள்ளவில்லை போலிருக்கிறது என்று இரண்டு நாள் மனசு வருத்தம். ‘நன்றாக இருக்கிறது’ என்பதைத்தான் அப்படிச் சொல்லியிருக்கிறார். என் பையன் திண்ணையிலிருந்து குதித்தபோது அவரே “மக்களே, சாடாத!” என்று கத்தினார். இவன் அழுதுகொண்டு வந்து, “நான் யாரையும் திட்டலம்மா” என்கிறான். சாடுவது என்றால் இங்கே குதிப்பது. ஒற்றைப் பிள்ளையை ‘மக்களே’ என்று கூப்பிடுவதும் வழக்கம். அரசியல் கூட்டம் நினைவுக்கு வந்தால் சிரித்துவிடாதீர்கள், அது செல்லம்.

நினைவு என்பதற்கு ஓர்மை, மெதுவாக என்பதற்குப் பைய, போக வேண்டாம் என்பதற்குப் போவாண்டாம். மேற்கே போனால் குடிக்கிற தண்ணீரும் வெள்ளம்தான். ஒரு மாவட்டத்துக்குள்ளேயே பேச்சு மாறிக்கொண்டே போகும். தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கம் நெல்லைத் தமிழுக்கு உறவு. தக்கலை தாண்டி மார்த்தாண்டம், களியக்காவிளை என்று போகப்போக மலையாளச் சாயல் ஏறும். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்த மண். அன்றுதான் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் தமிழகத்தோடு சேர்ந்தன. அதற்காக ஊர்க்காரர்கள் போராடினார்கள், உயிரும் கொடுத்தார்கள். ஆகவே “நீங்க பேசுறது மலையாளம் மாதிரி இருக்கே” என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். ‘பைய’ தேவாரத்திலேயே இருக்கிற சொல். நாம்தான் அதைத் தொலைத்துவிட்டோம்.

பிள்ளைகளைப் பொறுத்தவரை, பள்ளி திறக்க மூன்று வாரம் இருக்கும்போதே வந்துவிடுங்கள். தெருவில் விளையாட விடுங்கள். வீட்டுக்குள் வந்து ஊர்ப் பேச்சுப் பேசினால் திருத்தாதீர்கள். நான் திருத்தினேன். அதனால் என் பையன் கொஞ்ச நாள் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டான்.

கேள்வி: புனேயிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. எல்லோரும் எல்லாவற்றையும் கேட்கிறார்கள். சம்பளம், வாடகை, ஏன் இரண்டாவது குழந்தை இல்லை என்பதுவரை. எப்படிச் சமாளிப்பது?

டெல்லியில் எதிர் வீட்டுக்காரர் பெயர் தெரியாமலே 16 வருடத்தை ஓட்டிய ஆள் நான். இங்கே முதல் வாரத்திலேயே என் மாமியாருக்குச் சர்க்கரை எவ்வளவு என்பது தெருவுக்கே தெரிந்துவிட்டது. விசாரிக்காமல் இருந்தால்தான் இங்கே மரியாதைக் குறைவு. எல்லாவற்றுக்கும் பதில் சொல்ல வேண்டும் என்றில்லை. சம்பளம் கேட்டால் “செலவுக்குச் சரியா இருக்கு” என்று சொல்லிவிட்டு, நீங்கள் ஒன்று திருப்பிக் கேளுங்கள். அவர்களுக்கும் சொல்வதற்கு ஏகப்பட்டது இருக்கும். பேச்சு அந்தப் பக்கம் போய்விடும்.

“நீங்க இந்துவா, கிறிஸ்டினா?” என்று முகத்துக்கு நேரே கேட்பார்கள். 2011 கணக்கெடுப்புப்படி இங்கே இந்துக்கள் 48.65 சதவீதம், கிறிஸ்தவர்கள் 46.85 சதவீதம். ஏறக்குறைய பாதிக்குப் பாதி. எந்தப் பண்டிகைக்கு உங்கள் வீட்டிலிருந்து பலகாரம் வரும், எதற்கு அவர்கள் கொடுத்தனுப்ப வேண்டும் என்ற கணக்குக்காகவும் அந்தக் கேள்வி வரும். அவ்வளவுதான் என்று சொல்லி நான் பூசி மெழுக மாட்டேன். சிலர் சாதியைத் துருவத்தான் கேட்கிறார்கள். வாடகைக்கு வீடு தேடியபோது ஒரு வீட்டுக்காரர் அட்வான்ஸ் வரைக்கும் பேசிவிட்டு, கடைசியில் “நீங்க என்ன ஆளு?” என்று கேட்டார். “தஞ்சாவூர் ஆளு” என்றேன். வீடு கிடைக்கவில்லை. அப்படிப்பட்ட வீடு கிடைக்காமல் போனதே நல்லது என்று பிறகு நினைத்துக்கொண்டேன்.

ஒன்று மட்டும் தவறவிடாதீர்கள். தெருவில் ஒரு சாவு என்றால், முகம் தெரியாதவர் வீடானாலும், போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வாருங்கள். கல்யாணத்துக்குப் போகாவிட்டால் மறந்துவிடுவார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

கேள்வி: அந்தத் தடித்த சிவப்பு அரிசியைப் பிள்ளைகள் தொட மாட்டேன் என்கிறார்கள்.

அது சம்பா. பொன்னி எல்லாக் கடையிலும் கிடைக்கும், கவலை வேண்டாம். தேங்காய் அரைத்த மீன் குழம்பு வைக்கும் நாளில் மட்டும் சம்பா வடித்துப் பாருங்கள். அந்தக் குழம்புக்குப் பொன்னி தாங்காது.

கேள்வி: நான் நாகர்கோவில்காரன். மனைவி கொல்கத்தா. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. நான் வேலைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்ன செய்யலாம்?

முதலில் ஒரு வார்த்தை தம்பி. “என் ஊர்தானே, எல்லாம் பழகிடும்” என்று அவளிடம் சொல்லாதீர்கள். உங்களுக்குத்தான் அது ஊர்.

வங்காளப் பெண் என்றால் வழி மீனில் இருக்கிறது. காலையில் மீன் விற்க வருகிற அக்காவிடம் நீங்கள் வாங்காமல், அவளையே வாங்கச் சொல்லுங்கள். மீனைத் தூக்கிக் காட்டிப் பேரம் பேச மொழி வேண்டாம், விரல்களே போதும். நான் வந்த புதிதில் பெயர் சொல்லி வாங்கிய முதல் பொருளே அயிலைதான். தஞ்சாவூர்ப் பக்கம் கானாங்கெளுத்தி என்போமே, அது. மத்தி இங்கே சாளை. நெத்திலியை நெத்தோலி என்பார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்க அந்த அக்காதான் கற்றுக்கொடுத்தார். சிவப்பாக, ஈரமாக இருக்க வேண்டும். பழுப்பு தட்டியிருந்தால் “ஐஸ் மீன், வாங்காண்டாம்” என்று தன் கூடையைப் பற்றித் தானே சொன்ன நேர்மைக்காரி அவர்.

உங்கள் மனைவிக்கு ஆற்று மீன் ஏக்கம் இருக்கும், அது நியாயம்தான். சாளையைக் கடுகு அரைத்து அவள் முறைப்படியே செய்யச் சொல்லி, பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் கொடுத்தனுப்புங்கள். கடுகெண்ணெயைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளட்டும், தேங்காயெண்ணெய் நாக்குகள் பாவம். கிண்ணம் மரச்சீனிக் கிழங்கோடு (நம் மரவள்ளிதான்) திரும்பி வரும். மறுபடி அவள் அனுப்ப வேண்டியிருக்கும். இப்படியே நாலு தடவை போய் வந்தால் கதவு திறந்துதான் இருக்கும்.

ஹிந்தி ஓரளவு வரும் என்றால் இன்னும் எளிது. எங்கள் தெருவிலேயே பட்டாளத்திலிருந்து ஓய்வுபெற்றவர் இரண்டு பேர், வடக்கே நர்ஸ் வேலை பார்த்துவிட்டு வந்தவர் ஒருவர் இருக்கிறார்கள். விசாரித்துப் பாருங்கள்.

அதே நண்பர் மறுபடி: ஜூனில் மீன் கிடைக்காது என்கிறார்களே?

பாதி உண்மை. விசைப்படகுகளுக்கான தடைக்காலம் இந்த மாவட்டத்தில் இரண்டு. சின்னமுட்டம் துறைமுகம் கிழக்குக் கடற்கரைக் கணக்கில் வருவதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், முட்டம், தேங்காப்பட்டணம் மேற்குக் கணக்கு. அங்கே ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூனில் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் படகு போகாது, விலை கண்ணைக் கட்டும். நாட்டுப் படகுகள் கடலுக்குப் போகும், ஆனால் மழைக்கடல் அவர்களையும் எல்லா நாளும் விடாது.

கேள்வி: வீடு பார்க்கிறோம். எதைக் கவனிக்க வேண்டும்?

மழையை. இங்கே ஜூனில் தென்மேற்கும் வரும், ஐப்பசி கார்த்திகையில் வடகிழக்கும் வரும். டெல்லியிலிருந்து கொண்டுவந்த என் தோல் கைப்பையை ஆகஸ்டில் அலமாரியிலிருந்து எடுத்தேன், பச்சைக் கம்பளி போர்த்தினாற்போல் பூஞ்சை. கம்பளி ஸ்வெட்டர்களை யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள். துணி காயப்போடக் கூரை போட்ட இடம் இருக்கிறதா, சுவரின் அடிப்பகுதியில் பெயிண்ட் உப்பியிருக்கிறதா என்று பாருங்கள். கிணறு உள்ள வீடு கிடைத்தால் நல்லது. வீட்டுக்கு மேலே சாய்ந்த தென்னை இருந்தால் யோசியுங்கள். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் அடித்தபோது எங்கள் தெருவில் விழுந்த மரங்களை வெட்டி வழி உண்டாக்கவே ஒரு நாள் ஆனது. கரண்டு பல நாள் இல்லை. அந்த நாட்களில் கிணற்றடிதான் தெருவுக்கே குழாய்.

ஆரல்வாய்மொழிப் பக்கம் வீடு என்றால் காற்றுக்குத் தயாராக இருங்கள். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளைச் சும்மா நட்டுவைக்கவில்லை.

கேள்வி: பள்ளிக்கு அடிக்கடி திடீரென்று லீவு விடுகிறார்களே?

திடீர் இல்லை, உள்ளூர் விடுமுறை. கோட்டாறு சவேரியார் பெருவிழாவுக்கு டிசம்பர் 3, மார்கழியில் சுசீந்திரம் தேரோட்டம், மாசியில் மண்டைக்காடு அம்மன் கோயில் கொடை விழா, சிவராத்திரி, ஓணம், மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்த நவம்பர் 1. இவற்றுக்கெல்லாம் ஆட்சியர் அறிவிப்பார். பதிலுக்கு ஒரு சனிக்கிழமை பள்ளி இருக்கும். வங்கிக்கு இந்த லீவு பொருந்தாது, அதை மறந்து கணவரை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள்.

சிவராத்திரிக்கு மட்டும் பிள்ளைகளைத் தூங்க விடாமல் ரோட்டோரம் கூட்டிப்போய் நில்லுங்கள். காவி கட்டி, கையில் விசிறியோடு, 12 சிவாலயங்களையும் ஓடியே தரிசிப்பவர்கள் சாரிசாரியாக வருவார்கள். முஞ்சிறைத் திருமலையில் தொடங்கி நட்டாலத்தில் முடிப்பார்கள். ஓடுவது சிவன் கோயில்களுக்கு, வாயில் வருவது “கோவிந்தா, கோபாலா!” என் மகன் அதைக் கேட்டுவிட்டு ஒரு வாரம் வீட்டுக்குள் ஓடினான்.

கேள்வி: கோயிலில் சட்டையைக் கழற்றச் சொன்னதும் கணவர் கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

சுசீந்திரத்திலும் குமரி பகவதி அம்மன் கோயிலிலும் ஆண்கள் மேல்சட்டை இல்லாமல்தான் போக வேண்டும். திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளுக்கு வேட்டியும் கட்ட வேண்டும். பழைய திருவிதாங்கூர் வழக்கம். அய்யா வைகுண்டரை வழிபடும் சாமிதோப்புக்குப் போனால் தலைப்பாகையும் கட்டச் சொல்வார்கள். அங்கே கண்ணாடி முன்னால் நின்றுதான் வணங்குவார்கள். காரில் ஒரு வேட்டி எப்போதும் கிடக்கட்டும். தொப்பையைப் பற்றி வெட்கப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்ளே எல்லோருக்கும் அதே நிலைமைதான்.

கேள்வி: ஹரியானா நம்பர் கார். மாற்ற வேண்டுமா?

12 மாதத்துக்கு மேல் இங்கே ஓட்டுவதென்றால் மாற்ற வேண்டும். கிளம்பும் முன்பே அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28 கொடுத்து தடையில்லாச் சான்று வாங்கிவிடுங்கள். இங்கே வந்து படிவம் 27, சாலை வரி. நாகர்கோவில் என்றால் டி.என். 74, மார்த்தாண்டம் என்றால் 75. அங்கே கட்டிய வரியில் மீதியைத் திரும்பக் கேட்கவும் விண்ணப்பிக்கலாம். கடன் பாக்கி இருந்தால் கடன் கொடுத்தவரின் சான்றும் வேண்டும். இங்கே வந்தபிறகு அதற்காக அலைந்தவள் சொல்கிறேன்.

கேள்வி: 14 வயதுப் பையன். வந்து மூன்று மாதம் ஆகியும் டெல்லிக்கே போகலாம் என்று இரவில் அழுகிறான். தப்பு செய்துவிட்டோமோ?

என் மகளுக்கு அப்போது 13. பள்ளியில் அவள் பேசும் தமிழைக் கேட்டுச் சிரித்தார்கள் என்று மூன்று மாதம் சாப்பாட்டு மேசையில் ஹிந்தி மட்டும்தான் பேசினாள். நானும் “போகப்போகச் சரியாகும்” என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அது அவள் காதில் ஏறவே இல்லை. ஒரு நாள் அவளோடு படிக்கிற பெண் பள்ளி வாசல் கடைக்குக் கூட்டிப்போய் ரசவடை வாங்கிக் கொடுத்திருக்கிறாள். ரசத்தில் ஊறிய பருப்பு வடை, கிண்ணத்தில் கரண்டி போட்டுத் தருவார்கள். அன்று மாலை முதன்முதலாக அந்தப் பெண்ணின் பெயரை வீட்டில் சொன்னாள்.

உங்கள் பையன் விளையாடுகிறவனா? தூத்தூர்ப் பக்கத்துக் கடற்கரை ஊர்களில் கிரிக்கெட்டைவிடக் கால்பந்துக்குத்தான் கூட்டம் சேரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய் மைதானத்தோரம் விட்டுவிட்டு நீங்கள் நகர்ந்துவிடுங்கள்.

இன்னொன்று, டெல்லியை அவனிடமிருந்து பிடுங்காதீர்கள். கோடை லீவுக்கு அங்கே இருக்கிற நண்பன் வீட்டுக்கு அனுப்புகிறோம் என்று இப்போதே தேதி சொல்லுங்கள். நாங்கள் மகளைத் திருக்குறள் எக்ஸ்பிரஸில் கூட்டிப்போய் விட்டுவந்தோம். பத்து நாள் கழித்து போனில் ஒரே சிரிப்பு. பூங்காவில் தோழியின் தம்பி சறுக்குமரத்தின் உச்சியிலிருந்து குதிக்கப் போனானாம். இவள் தன்னை மறந்து “லேய், சாடாத!” என்று கத்தியிருக்கிறாள். பக்கத்தில் இருந்த யாருக்கும் ஒன்றும் புரியவில்லையாம்.

ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன்னால் திறக்கும். மே மாதத்துக்கு என்றால் திறக்கிற அன்று காலையிலேயே எடுத்துவிடுங்கள்.