சுருதி நிற்காத எலெக்ட்ரிக் கிட்டார்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் கிட்டாரில் இரண்டு பாட்டுக்கு மேல் சுருதி நிற்பதில்லை. டியூனிங் கீ ஆறையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?

அவசரப்படாதீர்கள். கீயின் உள்ளே திருகு மரை போல ஒரு தண்டு இருக்கிறது, அது ஒரு சின்னப் பல்சக்கரத்தைச் சுற்றுகிறது. கீயை 14 சுற்று திருகினால்தான் கம்பி சுற்றியிருக்கும் தூண் ஒரு சுற்று வரும். சில கீகளில் 18. திருகு சக்கரத்தைச் சுற்றும், ஆனால் சக்கரத்தால் திருகைச் சுற்ற முடியாது. வீணைப் பிரடை மாதிரி இது தானாக வழுக்கி இறங்குகிற பொருள் இல்லை. தேய்ந்து போன கீயாக இருந்தால் கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான். அந்த ஆட்டத்துக்கும் வழி உண்டு: சுருதியை எப்போதும் கீழிருந்து ஏற்றி நிறுத்துங்கள். தாண்டிப் போய்விட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள். கழுத்தின் நுனியில் கீகள் இருக்கும் ஹெட்ஸ்டாக்கின் முன்பக்கம் தூணைச் சுற்றியிருக்கும் அறுகோண நட்டும், கீயின் தலையில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவும் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஒரு ஸ்பேனரும் ஸ்க்ரூடிரைவரும் போதும்.

இந்த வேலைக்கு வந்த புதிதில் ஒரு பையனின் கிட்டாருக்கு ஆறு கீயையும் மாற்றிக் கொடுத்தேன். அடுத்த வாரமே அதே குறையோடு திரும்பி வந்தது. கழுத்தும் ஹெட்ஸ்டாக்கும் சேரும் இடத்தில் கம்பிகளைத் தாங்கும் சின்னத் துண்டுக்கும் நட் என்றே பெயர், அதன் காடிகளில் பென்சிலைத் தேய்த்ததும் சரியாகிவிட்டது. பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து, கம்பி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை எந்தெந்த இடத்தைத் தொட்டுப் போகிறது, எங்கே சிக்குகிறது என்று பார்த்த பிறகுதான் வேறு எதையும் தொடுவேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மூன்று நாள் முன்னால்தான் புதுக் கம்பி போட்டேன். பழைய கம்பியைவிட மோசமாக இறங்குகிறது.

புதுக் கம்பி இறங்கத்தான் செய்யும், ஆனால் மூன்று நாள் அதிகம். தூணில் சுற்றிய விதத்தில்தான் எனக்குச் சந்தேகம். ஏழெட்டுச் சுற்று ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தால், கம்பியைப் பக்கவாட்டில் தள்ளிச் சுரம் ஏற்றும் ஒவ்வொரு பென்டுக்கும் அந்தச் சுற்றுகள் கொஞ்சம் கொஞ்சமாக இறுகி, கம்பி நீளும். தடித்த கம்பிகளுக்கு இரண்டு மூன்று சுற்று போதும், மெல்லியவற்றுக்கு இன்னும் ஒன்றிரண்டு. தூணைத் தாண்டி நான்கைந்து சென்டிமீட்டர் விட்டுவிட்டு, மிச்சத்தை மடக்கி வெட்டுங்கள். சுற்றுகள் மேலிருந்து கீழாக, பக்கத்தில் பக்கத்தில் படுக்க வேண்டும்.

அப்புறம் இழுத்துப் பழக்க வேண்டும். சுருதி வைத்ததும், கழுத்தில் பதித்த உலோகக் கோடுகளான ஃப்ரெட்டுகளில் 12ஆம் ஃப்ரெட் பக்கம் கம்பியை விரல்களால் பிடித்து, உடம்பிலிருந்து விலக்கி மெதுவாக இழுங்கள். மறுபடி சுருதி, மறுபடி இழு. முதல் தடவை அரை சுரம்கூட இறங்கும். நான்காவது ஐந்தாவது தடவையில் அசையாது. மிக மெல்லிய சின்ன ஈ கம்பியில் மட்டும் கை மென்மையாக இருக்கட்டும், அறுந்துவிடும்.

லெஸ் பால் மாதிரி கிட்டார். ஜி கம்பி மட்டும் பென்ட் செய்ததும் இறங்கிவிடுகிறது. சுருதி ஏற்றும்போது “டிங்” என்று ஒரு சத்தம் வேறு.

அந்த “டிங்”தான் விடை. நட்டில் கம்பி சிக்கி, இறுக்கம் சேர்ந்து சேர்ந்து, ஒரு கட்டத்தில் துள்ளி நகர்கிறது. நீங்கள் கீயைத் திருகுகிறீர்கள், டியூனரில் முள் அசையவில்லை, இன்னும் கொஞ்சம் திருகியதும் ஒரேயடியாகத் தாண்டிப் போகிறது. சரிதானே?

லெஸ் பால் வகையில் ஹெட்ஸ்டாக் பின்னால் சாய்ந்திருக்கும், பல மாடல்களில் 17 டிகிரி. பக்கத்துக்கு மூன்று கீ இருப்பதால், நடுவில் இருக்கும் டி, ஜி கம்பிகள் நட்டைத் தாண்டியதும் வெளிப்பக்கம் வளைந்து போக வேண்டியிருக்கிறது. கீழேயும் வளைவு, பக்கவாட்டிலும் வளைவு. அதனால் இந்தக் குறை பெரும்பாலும் ஜியில்தான் முதலில் தெரியும்.

உறுதி செய்ய ஒரு சோதனை இருக்கிறது. ஜியைச் சரியாகச் சுருதி சேர்த்து, ஒரு முழுச் சுரம் பென்ட் செய்து விடுங்கள். இறங்கியிருக்கும். இப்போது நட்டுக்கும் கீக்கும் நடுவே இருக்கும் கம்பியை விரலால் ஒருமுறை அழுத்தி விடுங்கள். சுருதி மறுபடி ஏறினால் குற்றவாளி நட்தான். பென்ட் செய்தபோது நட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்த கம்பி திரும்பிப் போகவில்லை. பின்னால் அழுத்தியபோது அது திரும்பிப் போனது.

முதல் வைத்தியம் பென்சில். 2பி அல்லது அதைவிட மென்மையான பென்சிலைக் கூராகச் சீவி, கம்பியைத் தளர்த்தித் தூக்கி, காடிக்குள் நன்றாகத் தேயுங்கள். அதில் இருக்கும் கிராஃபைட் வழுக்கும். சமையல் எண்ணெய் எதையும் விடாதீர்கள், தூசி சேர்ந்து சில நாளில் பசையாகிவிடும்.

அதற்கும் சரியாகவில்லை என்றால் காடி குறுகலாக இருக்கிறது. சமீபத்தில் 9 செட்டிலிருந்து 10 செட்டுக்கு மாறினீர்களா? 9 செட்டில் ஜி கம்பியின் தடிமன் ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 16 பங்கு, 10 செட்டில் 17. டி கம்பி 24லிருந்து 26 ஆகிறது. மயிரிழைதான், ஆனாலும் காடிக்குள் அது போதும் இறுகிப் பிடிக்க. அகலப்படுத்த அந்தந்த அளவுக்கான நட் அரம் வேண்டும். உப்புத்தாளை மடித்து ராவினால் காடியின் அடி ஆழமாகி, வெறும் கம்பி முதல் ஃப்ரெட்டில் உரசி இரையும். அப்புறம் புது நட்தான். அனுபவம் இல்லையென்றால் இந்த ஒரு வேலையை மட்டும் கிட்டார் பழுது பார்ப்பவரிடம் கொடுங்கள். காடியின் அடி கீயை நோக்கி லேசாகச் சரிய வேண்டும், ஜிக்குப் பக்கவாட்டில் வழிவிட வேண்டும் என்று சொல்லியே கொடுங்கள்.

ஸ்ட்ராட்டில் ட்ரெமலோ கையைத் தொட்டாலே சுருதி போய்விடுகிறது. அதை உபயோகிக்கவே பயமாக இருக்கிறது.

பயப்பட வேண்டாம். உடம்பில் கம்பிகளின் மறுமுனையைப் பிடித்திருக்கும் பிரிட்ஜைச் சாய்த்துச் சுருதியை அசைக்கும் கை அது, 1954இல் ஸ்ட்ராடோகாஸ்டர் வந்தபோதே அதில் இருந்தது. அதை வைத்து வாழ்நாள் முழுக்க வாசித்தவர்கள் இருக்கிறார்கள்.

ட்ரெமலோவை அமுக்கி விட்டபின் எத்தனை கம்பி மாறியிருக்கிறது என்று பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் ஏறி நின்றால் நட்டில் சிக்கல், அல்லது ஹெட்ஸ்டாக்கில் மெல்லிய கம்பிகளைக் கீழே பிடித்திருக்கும் சின்ன உலோகக் கொக்கியில் சிக்கல். இரண்டுக்கும் பென்சில். ஆறும் ஒரே பக்கமாக மாறியிருந்தால் பிரிட்ஜ்தான் பழைய இடத்துக்குத் திரும்பவில்லை. அதன் முன்விளிம்பில் இருக்கும் ஆறு ஸ்க்ரூக்களையும் யாரோ இறுக்கி வைத்திருப்பார்கள். பிரிட்ஜ் தடையில்லாமல் சாயும் அளவுக்கு அவற்றைத் தளர்த்துங்கள்.

பிரிட்ஜின் பின்பக்கம் தூக்கி மிதந்தால், ஒரு கம்பியை பென்ட் செய்யும்போது மற்றவை இறங்குவதும், ஒன்று அறுந்தால் மற்றவை ஏறுவதும் அதன் இயல்பு. ஸ்பிரிங் இழுப்பும் கம்பி இழுப்பும் தராசுத் தட்டுகள் மாதிரி நிற்கின்றன. கீழ்நோக்கி மட்டும் அமுக்குகிறவர் என்றால், பின்மூடியைக் கழற்றி, ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் இரண்டு பெரிய ஸ்க்ரூக்களையும் இறுக்கி, பிரிட்ஜை உடம்போடு படுக்க வைத்துவிடுங்கள். பாதிப் பிரச்சினை அன்றே போய்விடும்.

நட்டிலும் பிரிட்ஜிலும் கம்பியைப் பூட்டும் ஃப்ளாய்ட் ரோஸ் ட்ரெமலோ வைத்த கிட்டார். கம்பி மாற்றியதிலிருந்து சுருதிக்கே வரவில்லை.

ஆறு கம்பியையும் ஒரே நேரத்தில் கழற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொன்றாக மாற்ற வேண்டும். இப்போது பிரிட்ஜ் மட்டமாக நிற்கும்படி அதன் பின்பக்கம் அடியில் ஒரு மரத்துண்டோ சீட்டுக்கட்டின் சில சீட்டுகளோ செருகி, ஆறையும் சுருதிக்குக் கொண்டுவாருங்கள். துண்டை உருவியதும் பிரிட்ஜ் எந்தப் பக்கம் சாய்கிறதோ அதற்கேற்ப பின்பக்க ஸ்ப்ரிங் ஸ்க்ரூவை மாற்றுங்கள். கம்பியை நன்றாக இழுத்துப் பழக்கிய பிறகுதான் நட் பூட்டு. பூட்டும் முன், பிரிட்ஜில் சுருதியை நுணுக்கமாகத் திருத்தும் ஃபைன் டியூனர்கள் நடுவில் இருக்கட்டும், இல்லையென்றால் ஒரு பக்கம் திருக இடம் இருக்காது.

ஏசி அறையில் சரியாக வைத்துக்கொண்டு போனால் மேடையில் இறங்கிவிடுகிறது.

சூட்டில் எஃகு விரியும், இழுப்பு குறையும், சுருதி இறங்கும். மேடை விளக்கின் கீழ் இது சில நிமிடத்தில் நடக்கும். அரை மணி முன்பே பெட்டியைத் திறந்து கிட்டாரை மேடை ஓரத்தில் நிறுத்திவிட்டு, அங்கேயே சுருதி சேருங்கள்.

டியூனரில் ஆறும் பச்சை. பல சுரத்தைச் சேர்த்துக் கார்டு பிடித்தால் அபசுரம்.

எந்த இடத்தில்? முதல் மூன்று ஃப்ரெட்டில் மட்டும் என்றால் நட் உயரம். கம்பியை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவே அழுத்திவிட்டு, முதல் ஃப்ரெட்டின் மேல் இடைவெளி பாருங்கள். ஒரு தாள் நுழைகிற அளவுதான் இருக்க வேண்டும். அதைவிட அதிகம் என்றால், அழுத்தும்போதே கம்பி இழுபட்டுச் சுருதி ஏறுகிறது. விரலை ரொம்ப அழுத்துகிறவர்களுக்கும் இதே கதிதான். சத்தம் சுத்தமாக வரும் வரை மட்டும் அழுத்துங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

மேலே போகப் போக மோசமாகிறது என்றால் இன்டொனேஷன், அதாவது கழுத்து முழுக்கச் சுரம் சரியாக வருவதற்கான கம்பி நீளம். 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே தொட்டு எடுக்கும் ஹார்மோனிக்கும், அங்கேயே அழுத்தி எடுக்கும் சுரமும் ஒன்றாக இருக்க வேண்டும். அழுத்திய சுரம் ஏறியிருந்தால், பிரிட்ஜில் கம்பி உட்காரும் சேடிலைப் பின்னுக்குத் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னுக்கு. பழைய கம்பியில் இதைச் செய்யாதீர்கள். வியர்வையும் துருவும் ஏறிய கம்பி நீளம் முழுக்க ஒரே சீராக அதிராது.

பத்து வருடம் கர்நாடக வாய்ப்பாட்டு கற்றவள் நான். எலெக்ட்ரிக் கிட்டாரில் மேஜர் கார்டு எப்போதும் கொஞ்சம் உறுத்துகிறது. செட்-அப் எல்லாம் சரியாக இருக்கிறது என்கிறார்கள். என் காதில் கோளாறா?

உங்கள் காது சரியாகத்தான் கேட்கிறது. இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

தம்புராவை மீட்டிவிட்டுக் காத்திருந்தால் சட்ஜத்திலிருந்தே அந்தர காந்தாரம் எழும்பி வருமே, அதில் பழகிய காது உங்களுடையது. கிட்டாரின் ஃப்ரெட்டுகள் ஸ்தாயியைச் சரிசமமான 12 பங்காக வெட்டியவை. ஒரு பங்கு 100 சென்ட். காந்தாரம் நான்காவது பங்கு, ஆக 400. தம்புராவில் எழும் காந்தாரமோ சுமார் 386. கிட்டார் காந்தாரம் எப்போதும் 14 சென்ட் ஏறியே நிற்கும். பஞ்சமத்தில் வித்தியாசம் 2 சென்ட்தான், யாருக்கும் தெரியாது. ஒலியைக் கரடுமுரடாக்கும் டிஸ்டார்ஷன் போட்டால் அந்த 14 சென்ட் பல மடங்கு கரகரக்கும். ராக் கிட்டார்காரர்கள் காந்தாரத்தை விட்டுவிட்டு சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்த்துப் பவர் கார்டு வாசிப்பதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

ஈ மேஜரில் அந்தக் காந்தாரம் மூன்றாம் கம்பியான ஜியின் முதல் ஃப்ரெட்டில் இருக்கிறது. காதுக்கு இனிக்கும் வரை அதை இறக்கினால் ஈ மேஜர் அருமையாகிவிடும். ஆனால் அதே ஜி கம்பி வெறுமனே ஒலிக்கும் சி மேஜரில் அதுதான் பஞ்சமம், அங்கே அது தாழ்ந்து அழும். நிறையப் பேர் இப்படித்தான் ஒரு கார்டுக்காக இறக்கி, இன்னொன்றுக்காக ஏற்றி, கிட்டாரில் சுருதி நிற்கவில்லை என்று என்னிடம் கொண்டுவருகிறார்கள். பொதுவாக டியூனர் சொல்வதையே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டு முழுக்க ஈ மேஜரைச் சுற்றியே வருகிறது, அதைப் பதிவு செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் மூன்றாம் கம்பியை ஒரு துளி இறக்கிக்கொள்ளுங்கள். அடுத்த பாட்டுக்கு முன்னால் ஏற்றிவிட மறக்காதீர்கள், அதையும் கீழிருந்து மேலாக.