அந்த ஆஸ்பத்திரி வாசனை சரிதான், தம்பி

கிளாஸ்கோவுக்கு வந்து எட்டு மாதம் ஆன ஒரு தம்பி எனக்கு எழுதியிருந்தார். ஓய்வுபெறப் போகும் அவருடைய மேலாளர் வீட்டுக்கு அழைத்து, இருபத்தைந்து வருட கல் ஈலா ஸ்காட்ச் விஸ்கி புட்டி ஒன்றைத் திறந்து ஊற்றிக் கொடுத்திருக்கிறார். மூக்கருகே கொண்டுபோனதும் ஆஸ்பத்திரி வார்டும் எரிந்த கட்டையும் சேர்ந்து அடித்ததாம். முகம் சுளித்தால் தவறாகிவிடுமே என்று ஒரே மடக்கில் விழுங்கிவிட்டார். மேலாளர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் முகம் வாடிவிட்டது. அடுத்த மாதம் மறுபடி அழைப்பு. "இதில் அப்படி என்ன அண்ணா இருக்கிறது? எப்படிக் குடிப்பது? பிடிக்காவிட்டாலும் பிடித்த மாதிரி நடிக்க வேண்டுமா?" என்று கேட்டிருக்கிறார்.

நடிக்க வேண்டாம், தம்பி. உங்கள் மூக்கு சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. நான் இருபத்தொரு வருடமாக இந்த ஊரில் ஒரு ஆஸ்பத்திரிப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கல் ஈலா இருக்கும் ஐலா தீவின் விஸ்கியை முதல்முறை முகர்ந்தபோது எனக்கும் அதே வாசனைதான் வந்தது. அதற்குக் காரணம் இருக்கிறது. 1865-இல் ஜோசப் லிஸ்டர் என்ற அறுவை மருத்துவர் இதே கிளாஸ்கோவில்தான் காயங்களுக்குக் கார்பாலிக் அமிலம் போட்டுக் கட்டத் தொடங்கினார். கார்பாலிக் அமிலம் என்பது ஃபீனாலின் பழைய பெயர். உங்கள் கிளாஸில் இருந்த புகை வாசனையும் ஃபீனால் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். ஃபீனால், கிரெசால், குவாயகால் என்று பல உறுப்பினர்கள். மருந்து மாதிரி, தார் மாதிரி அடிப்பது கிரெசால். விறகுப் புகை மாதிரி வருவது குவாயகால்.

இவை எங்கிருந்து வருகின்றன? பீட்டிலிருந்து. ஸ்காட்லாந்தின் மேற்கிலும் வடக்கிலும் மழை ஊறிய சதுப்பு நிலத்தில் பாசியும் புல்லும் ஹீதர் செடியும் முழுசாக மக்காமல் அடுக்கடுக்காகப் படிகின்றன. காற்று புகாத ஈரம்தான் அவற்றை மக்க விடுவதில்லை. வருடத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர்தான் வளரும். ஒரு மீட்டர் ஆழம் வெட்டினால் ஆயிரம் வருடம் கையில் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வசந்தத்தில் வெட்டி, வெயிலிலும் காற்றிலும் உலர்த்தி, அதையே எரிபொருளாக வைத்திருந்தார்கள். முளைகட்டிய பார்லியை உலர்த்தவும் அந்த நெருப்புதான். பார்லி ஈரமாக இருக்கும்போதே புகை விட வேண்டும், அப்போதுதான் உமியில் ஒட்டும். காய்ந்த பிறகு எவ்வளவு புகைத்தாலும் அவ்வளவாகப் பிடிக்காது.

தீவின் பெயரைப் பற்றி ஒன்று. Islay என்ற ஆங்கில எழுத்தைப் பார்த்து 'ஐஸ்லே' என்று படித்துவிடாதீர்கள். ஐலா. நீங்கள் குடித்ததன் பெயருக்கு கேலிக் மொழியில் 'ஐலா நீரிணை' என்று அர்த்தம். 1846-இல் தொடங்கிய வடிசாலை. போர்ட் ஆஸ்கேக் துறைக்குப் பக்கத்தில், கடலை ஒட்டி இருக்கிறது. வடிகலன் கூடத்தின் பெரிய கண்ணாடிச் சன்னல் வழியே பார்த்தால் நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜூரா தீவின் மலைகள் நிற்கும். கரையிலுள்ள கென்னகிரேக் துறையிலிருந்து கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆகும். ஒருமுறை போய் வாருங்கள்.

புகையின் அளவை பிபிஎம், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற கணக்கில் சொல்வார்கள். அது பார்லியில் அளந்த ஃபீனால், புட்டிக்குள் இருப்பது அல்ல. நொதித்து, வடித்து, பீப்பாயில் கிடந்து வரும் வழியில் பெரும்பகுதி போய்விடும். ஐலாவின் மற்ற விஸ்கிகளில் பௌமோர் 25 அளவில் இருக்கும், ஆர்ட்பெக் 55. ஆக்டோமோர் நூறையும் தாண்டும். ஆனால் இந்த எண்ணை ரொம்ப நம்ப வேண்டாம். கல் ஈலாவும் அதே தீவின் லாகவூலினும் ஏறக்குறைய ஒரே அளவு புகை பிடித்த மால்ட்டில், அதாவது முளைகட்டி உலர்த்திய பார்லியில், செய்பவைதான். வடிக்கிற விதம் மாறியதால் ஒன்று மெலிந்து எலுமிச்சைப் பக்கம் போகிறது, மற்றது கனத்து உலர்பழப் பக்கம் போகிறது.

சரி, இனி வயதுக்கு வருவோம். உங்கள் மேலாளரின் முகம் ஏன் வாடியது என்பது இங்கேதான் புரியும்.

சட்டப்படி ஸ்காட்ச் என்றால் ஸ்காட்லாந்திலேயே ஓக் பீப்பாயில் குறைந்தது மூன்று வருடம் கிடந்திருக்க வேண்டும். புட்டியில் 25 என்று போட்டிருந்தால், உள்ளே கலந்ததில் மிக இளையதற்கே இருபத்தைந்து வயது என்று பொருள். இந்தக் காலம் முழுக்கப் பீப்பாய் மூச்சு விடுகிறது. வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டு விழுக்காடு ஆவியாகிப் போகும். தேவதைகளின் பங்கு என்று இங்கே அதற்குப் பெயர். கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபத்தைந்து வருடத்தில் ஐந்தில் இரண்டு பங்கு காற்றோடு போயிருக்கும். நீங்கள் பள்ளிக்கூடம் போகும் முன்பே பீப்பாயில் ஊற்றியதன் மிச்சத்தில் ஒரு வாயைத்தான் அவர் உங்களுக்குக் கொடுத்தார். அவருக்குக் கோபம் வந்திருக்காது. நீங்கள் அதைச் சந்திக்காமலே அனுப்பிவிட்டீர்கள் என்ற வருத்தம்தான் இருந்திருக்கும்.

புகைக்கு வயதாகும்போது என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு இதில் மிகப் பிடித்த விஷயம். பத்து வருட ஐலா விஸ்கியில் புகை வாசற்படியிலேயே நிற்கும். வேறு எதையும் பார்க்க விடாது. வருடங்கள் போகப் போகப் புகை பின்னால் நகர்ந்து உட்கார்ந்துகொள்கிறது. அது விலகிய இடத்தில் மற்றவை தெரியத் தொடங்கும். வெனிலா, தேன், நன்றாகக் கனிந்த பழம், பழைய மரப்பெட்டி, ஈரக் கயிறு. கடைசியில், விழுங்கி வெகுநேரம் கழித்து, அணைந்த அடுப்பின் சாம்பல் மாதிரி புகை திரும்ப வரும். அந்தத் திரும்பி வருதலுக்காகத்தான் இருபத்தைந்து வருடம் காத்திருக்கிறார்கள். ஒரே மடக்கில் குடித்ததால் வாசலோடு திரும்பிவிட்டீர்கள், அவ்வளவுதான்.

அதற்காக வயது கூடக் கூட எல்லாம் சிறக்கும் என்று நினைக்க வேண்டாம். மரம் மேலோங்கி, கசந்து, புகையே தொலைந்துபோன கிழ விஸ்கிகளையும் குடித்திருக்கிறேன். என் நாக்குக்குப் புகை விஸ்கி பதினாறிலிருந்து இருபத்தைந்துக்குள் அழகு. ஆனால் மழையும் காற்றுமாக இருக்கும் நவம்பர் இரவில் பத்து வருட ஆர்ட்பெக்கின் முரட்டுத்தனம்தான் வேண்டியிருக்கிறது.

அடுத்த மாதம் போகும்போது இப்படிச் செய்யுங்கள். அடி அகன்று வாய் குறுகிய கிளாஸ் கொடுப்பார், கிளென்கேர்ன் என்பார்கள். 25 மில்லி போதும். ஊற்றியதும் குடிக்காதீர்கள். பேசிக்கொண்டிருங்கள். கால் மணி நேரம் காற்றுப் படட்டும். இவ்வளவு காலம் அடைந்து கிடந்தது திறந்துகொள்ள நேரம் எடுக்கும். அப்புறம் முகருங்கள். மூக்கைக் கிளாஸுக்குள் விடாமல் விளிம்புக்கு மேலே வைத்து, வாயைக் கொஞ்சம் திறந்தபடி. வாய் மூடியிருந்தால் ஆல்கஹால் மட்டும்தான் ஏறும். ஐந்து நிமிடம் கழித்து மறுபடி முகர்ந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும்.

முதல் வாய் நாக்கைப் பழக்குவதற்கு. மிகச் சிறிதாக எடுங்கள், எரிச்சல் அதோடு போகட்டும். இரண்டாவது வாயைத்தான் கணக்கில் வைக்க வேண்டும். நாக்கு முழுக்கப் பரவ விட்டு, மெல்வது போலச் செய்து, விழுங்கியபின் மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். சாம்பலும் பழமும் அந்த மூச்சில்தான் வரும்.

தண்ணீர் சேர்க்கலாமா என்றால், தாராளமாகச் சேர்க்கலாம், ஆனால் சொட்டுக் கணக்கில். ஸ்காட்லாந்துக்காரர்கள் தண்ணீர் தொடவே மாட்டார்கள் என்பது தவறான எண்ணம். விஸ்கி கலப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நன்றாக நீர்த்துதான் முகர்ந்து பார்க்கிறார்கள். 2017-இல் சுவீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் கார்ல்சன், ஃப்ரீட்மன் இருவரும் கணினியில் குவாயகால் மூலக்கூறுகளின் போக்கைக் கணித்தார்கள். ஆல்கஹால் 45 விழுக்காட்டுக்குள் இருந்தால் குவாயகால் திரவத்தின் மேற்பரப்பருகே நிற்கிறது, 59-ஐத் தாண்டினால் உள்ளே அமிழ்ந்துவிடுகிறது என்று அதில் தெரிந்தது. நீர்க்காமல் பீப்பாய் வலிமையிலேயே புட்டியில் வரும் விஸ்கிக்குத் தண்ணீர் ஏன் உதவுகிறது என்பதற்கு இது நல்ல விளக்கம். நீங்கள் குடித்த புட்டி 43 விழுக்காடாக இருக்கும், அதற்கு அவ்வளவு தேவை இல்லை. பாதியை அப்படியே குடித்துவிட்டு, மீதியில் இரண்டு மூன்று சொட்டு விட்டுப் பாருங்கள். ஊற்றிவிட்டால் திரும்ப எடுக்க முடியாது.

ஐஸ் போட்டால் வாசனை சுருங்கிவிடும். கோலா உங்கள் சொந்தப் புட்டியில் உங்கள் இஷ்டம், யாரும் எதுவும் சொல்ல முடியாது. அவருடைய இருபத்தைந்து வருடத்தில் மட்டும் வேண்டாம்.

என்ன தெரிகிறது என்று கட்டாயம் கேட்பார். இங்கேதான் நான் பல வருடம் வீணாக்கினேன். புட்டியில் அச்சிட்டிருப்பதை மனப்பாடம் செய்து கடற்பாசி, தார்க்கயிறு, பேண்டேஜ் என்று ஒப்பித்துக்கொண்டிருந்தேன். என் வாயில் அவை எதுவும் தெரிந்ததில்லை. ஒருமுறை ஐலாவில் ஒரு மதுக்கூடத்தில், வடிசாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற முதியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் கேட்டபோது களைப்பில் உண்மையைச் சொல்லிவிட்டேன்: "தலைக்குக் குளித்த கூந்தலுக்குப் பிடிக்கும் சாம்பிராணிப் புகை மாதிரி இருக்கிறது." அது என்ன, எந்த மரத்துப் பிசின், எதில் போட்டுப் புகைப்பார்கள் என்று அவர் ஒரு மணி நேரம் விடாமல் கேட்டார். பிறகு தன் அம்மா பீட் அடுப்பருகே துணி உலர்த்தியதைப் பற்றிச் சொன்னார். சுவைக்குறிப்பு என்பது யாரோ ஒருவருடைய நினைவு. உங்களுக்கு ஆஸ்பத்திரி தோன்றினால் ஆஸ்பத்திரி என்றே சொல்லுங்கள். லிஸ்டர் கதையையும் சேர்த்துச் சொன்னால் மகிழ்ந்துபோவார்.

குடிக்கும் முன் 'ஸ்லாஞ்ச வா' என்பார்கள், உடல்நலம் வாய்க்கட்டும் என்ற பொருளில். கண்ணைப் பார்த்துத் திருப்பிச் சொன்னால் போதும். இரண்டாவது வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லுங்கள். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். குடிக்கவே விருப்பமில்லை என்றாலும் முகர்ந்து பார்க்கிறேன் என்று சொல்லலாம், பாதிச் சுவை அதில்தான் இருக்கிறது. கார் மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து வரம்பு நூறு மில்லி ரத்தத்துக்கு 50 மில்லிகிராம். இங்கிலாந்தில் 80 என்று கேள்விப்பட்டு இங்கே அப்படி இருக்கும் என்று எண்ணி மாட்டிக்கொண்டவரை எனக்குத் தெரியும். வேலை விசாவில் இருக்கும் நமக்கு அது வெறும் அபராதத்தோடு முடிகிற விஷயம் இல்லை. வடிசாலைகளிலும், வண்டி ஓட்டுபவர் என்று சொன்னால் பங்கைச் சிறு குப்பியில் அடைத்துக் கையில் தந்துவிடுவார்கள்.

போவதற்கு முன் பழகிக்கொள்ள வேண்டும் என்றால் பெரிய புட்டி வாங்கிப் பணத்தை முடக்காதீர்கள். ஐந்து சென்டிலிட்டர் குப்பிகள் கிடைக்கும், கடையில் மது விற்பனை காலை பத்திலிருந்து இரவு பத்து வரைதான். நல்ல மதுக்கூடத்தில் கல் ஈலா பன்னிரண்டை ஒரு அளவு வாங்கிக் குடித்துப் பாருங்கள். அதே வடிசாலையின் இளைய பிள்ளை. அதில் புகை எங்கே நிற்கிறது என்று மனதில் வைத்துக்கொண்டு இருபத்தைந்திடம் போனால், இடையில் போன பதின்மூன்று வருடம் உங்களுக்கே தெரியும்.

இன்னொன்று. குடித்து முடித்ததும் கிளாஸை உடனே கழுவ எடுத்துக்கொண்டு போக விடாதீர்கள். காலியான கிளாஸை மேசையிலேயே வைத்திருந்து, கிளம்பும்போது எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆல்கஹால் எல்லாம் போய், அடியில் காய்ந்த புகை மட்டும் இருக்கும். உங்கள் மேலாளரிடமும் நீட்டுங்கள்.