டெல்டாவில் தொழிற்சாலையே இல்லையே, 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு எந்த வேலையைக் கொண்டுபோய்க் காட்டுவது?

கேட்டவர் திருவாரூர் மாவட்டத்தில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி ஆசிரியர். தமிழக அரசின் 'நான் முதல்வன்' திட்டத்து வழிகாட்டல் வகுப்பில் படம் போட்டுக் காட்டுவதோடு நிற்காமல் உள்ளூர்த் தொழில்களோடு பிள்ளைகளைச் சேர்த்துவைக்க நினைக்கிறார். "எங்கள் பக்கம் வயலைத் தவிர என்ன இருக்கிறது?" என்கிறார்.

வயலைத் தவிர ஒன்றுமில்லை என்ற பேச்சை டெல்டாக்காரர்களே சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளையும் நம்பவைத்துவிட்டோம். கோவை, ஓசூர் மாதிரி ஆலை வரிசை இங்கே இல்லை, சரி. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்த பிறகு இனி எதுவுமே வராது என்பாரும் உண்டு. அந்தச் சட்டம் தடுப்பது துத்தநாக, செம்பு உருக்காலை, தோல் பதனிடும் ஆலை, புதிய எண்ணெய் எரிவாயுக் கிணறு போன்றவற்றை. நவீன அரிசி ஆலைக்கு அதனால் ஒரு தடையும் இல்லை. நெல் கொள்முதல் நிலையம், அரிசி ஆலை, பட்டுக்கோட்டை பேராவூரணிப் பக்கம் கயிற்று நார் ஆலை, சுவாமிமலைச் சிலைப் பட்டறை, நாச்சியார்கோயில் விளக்குப் பட்டறை, திருபுவனம் தறி, நாகை மீன்பிடித் துறைமுகம், வேதாரண்யம் உப்பளம் எல்லாம் தொழில்தான். உங்கள் பள்ளியிலிருந்து 15 கிலோமீட்டருக்குள், டவுன் பஸ்ஸில் போய்வரும் தூரத்தில், இவற்றில் குறைந்தது இரண்டு கட்டாயம் இருக்கும். இரண்டு போதும்.

இப்படி உள்ளூர்த் தொழிலைக் காட்டச் சொன்னதும் "இது குலக்கல்வி" என்று யாராவது வருவார்கள். பிள்ளைகள் பாதி நாள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று 1953-ல் கொண்டுவந்து 1954-ல் கைவிட்ட திட்டத்தின் வடு இந்த மண்ணில் இன்னும் ஆறவில்லை, அந்தப் பயம் நியாயமானது. அதனால்தான் சொல்கிறேன்: எந்தப் பிள்ளையையும் அதன் வீட்டுத் தொழிலுக்கே கூட்டிப்போகாதீர்கள். மீனவக் குடும்பத்துப் பிள்ளை அரிசி ஆலையைப் பார்க்கட்டும், விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளை வார்ப்புப் பட்டறையைப் பார்க்கட்டும், நெசவாளர் வீட்டுப் பெண் மின்பலகை முன் நிற்கட்டும். குழு பிரிக்கும்போதே இதை எழுத்தில் வைத்துக்கொண்டால் பின்னால் யாரும் விரல் நீட்ட முடியாது.

இன்னொன்று, பிள்ளைகள் அங்கே போவது பார்க்கவும் கேட்கவும் மட்டும். 14 வயதுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது, 14 முதல் 18 வரை ஆபத்தான தொழிலில் கைவைக்கக் கூடாது என்று 2016-ல் திருத்திய சட்டம் சொல்கிறது. "சும்மா நாலு மூட்டையைத் தள்ளிப் பார்க்கட்டுமே" என்று ஆலைக்காரர் அன்போடு சொன்னாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி செய்முறை. 60 பேரை பஸ்ஸில் ஏற்றி, வாசலில் பேனரோடு படம் எடுத்துத் திரும்புவதைத் தொழில் அறிமுகம் என்று பதிவேட்டில் எழுதலாம், பிள்ளைக்கு அதனால் ஒன்றுமில்லை. இயந்திரம் ஓடும் கூடத்தில் 15 பேருக்கு மேல் நின்றால் பின்வரிசைக்கு ஒரு சொல்கூடக் கேட்காது. 12 முதல் 15 பேர், இரண்டு ஆசிரியர், ஒன்றரை மணி நேரம், பேச ஒரே ஓர் ஆள். உரிமையாளரிடம் இவ்வளவுதான் கேளுங்கள். முதல் தடவை மனுவைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் அவருக்குத் தெரிந்த பெற்றோர் ஒருவரோடு போய்ப் பேசுங்கள். அவர் மனதில் இருப்பது ஒரே கேள்வி: "பிள்ளைக்கு அடிபட்டால் யார் பொறுப்பு?" அதற்கு பதிலாக என்னென்ன செய்யப்போகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தலைமையாசிரியர் வழியாகக் கல்வி அலுவலரின் அனுமதி, பெற்றோரின் கையெழுத்து, முதலுதவிப் பெட்டி, பெல்ட் ஓடும் இடத்திலிருந்து எத்தனை அடி தள்ளி நிற்பார்கள் என்ற விவரம் அதில் இருக்கட்டும். யாரிடம் கேட்பது என்றே தெரியாவிட்டால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள், சிறுதொழில் நடத்துகிறவர்களை அவர்களுக்குத் தெரியும்.

நாள் குறிப்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். சம்பா அறுவடையும் கொள்முதலும் ஜனவரி, பிப்ரவரியில். அப்போது பத்தாம் வகுப்புக்குத் திருப்புதல் தேர்வு, நிலையத்திலும் மூச்சுவிட நேரமிருக்காது. குறுவைக் கொள்முதல் நடக்கும் செப்டம்பர், அக்டோபர்தான் தோது. காலாண்டுத் தேர்வு முடிந்த கையோடு, வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் போய்வந்துவிட வேண்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்த நாள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். ஓடாத ஆலையைச் சுற்றிப் பார்த்தால் பிள்ளைகள் நினைவில் தங்குவது தூசி மட்டுமே.

கொள்முதல் நிலையத்தில் எல்லாவற்றையும் காட்ட வேண்டாம், ஈரப்பதமானி ஒன்று போதும். 17 சதவீதம் வரைதான் ஈரம் இருக்கலாம், சிப்பம் 40 கிலோ. வகுப்புக்குத் திரும்பியதும் கணக்குப் போடச் சொல்லுங்கள்: 21 சதவீத ஈரத்தில் 40 கிலோ நெல் என்றால் உலர்பொருள் 31.6 கிலோ. அதே நெல் 17 சதவீதத்துக்குக் காய்ந்தால் எடை 38 கிலோ சொச்சம். போன இரண்டு கிலோவும் தண்ணீர். நிலையத்து வாசலில் அப்பா ஏன் நெல்லைக் கிளறிக் கிளறிக் காயவைக்கிறார் என்பது அப்போது புரியும். இங்கே ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. அறுத்துக் கொண்டுவந்த நெல் திறந்தவெளியில் தார்ப்பாய்க்கடியில் நனைந்து முளைவிடுவதை டெல்டா எத்தனை பருவம்தான் பார்ப்பது? கூரையுள்ள களமும் உலர்த்தும் இயந்திரமும் கேட்டுக் கேட்டே ஒரு தலைமுறை போய்விட்டது. பிள்ளைகள் இதைப் பற்றிக் கேட்டால் மழுப்பாதீர்கள். சேமிப்புக் கிடங்கு, தானியம் உலர்த்தும் தொழில்நுட்பம் என்று ஒரு படிப்பே இருப்பதைச் சொல்ல அதைவிட நல்ல இடம் கிடையாது.

அரிசி ஆலையில் ஒரே ஓர் இயந்திரத்தின் முன் 20 நிமிடம் நிறுத்துங்கள்: உமி நீக்கும் ரப்பர் உருளை. இரண்டு உருளைகள் எதிரெதிராகச் சுற்றும், ஒன்று வேகமாக, ஒன்று சற்று மெதுவாக. இடைவெளி நெல்லின் தடிமனைவிடக் குறைவு. வேக வித்தியாசத்தில் உமி உரிந்துகொண்டு போகும். இடைவெளி கூடினால் நெல் உரியாமல் வரும், இறுக்கினால் அரிசி ஒடிந்து குருணையாகும். அங்கே நிற்கிறவர் கையில் விழும் அரிசியைப் பார்த்தே திருகைத் திருகுவார். அவருக்கு அது எப்படித் தெரிகிறது என்று பிள்ளைகள் அவரையே கேட்கட்டும். புழுங்கல் ஆலையானால் உலர்த்தும் இடத்தையும் காட்டலாம். அவித்த நெல்லை ஒரே மூச்சில் சூடேற்றிக் காயவைத்தால் உள்ளே வெடிப்பு விழுந்து அரைக்கும்போது நொறுங்கும். அதனால் பாதி காய்ந்ததும் ஆறப்போட்டு மறுபடி காயவைத்து, 14 சதவீதத்துக்குப் பக்கத்தில் கொண்டுவருவார்கள். வெளிப்பக்கம் சட்டென்று காய்ந்து சுருங்க, உள்ளே ஈரம் அப்படியே நிற்பதுதான் வெடிப்புக்குக் காரணம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சுவாமிமலைப் பக்கம் இருக்கிறவர்கள் மெழுகு வேலையைக் கிட்ட நின்று பார்க்கலாம். உலோகம் ஊற்றும்போது மட்டும் தள்ளி நிறுத்துங்கள். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் நீராவி கிளம்பி உருகிய உலோகம் தெறிக்கும். மெழுகுச் சிலையை எடைபோட்டு, அதுபோல் எட்டு, ஒன்பது மடங்கு உலோகம் எடுப்பார்கள். மெழுகின் அடர்த்தி ஒன்றுக்குச் சற்றுக் கீழே, உலோகத்தின் அடர்த்தி எட்டுக்கு மேல், அதுதான் கணக்கு.

கேள்வித்தாள் தயாரிப்பதில் சிரத்தை எடுங்கள். "உங்கள் பணி யாது?" என்று கேட்டால் ஒரு வரியில் பதில் வரும். "இன்று காலையில் வந்ததும் முதலில் எதைப் பார்த்தீர்கள்?", "இந்த வேலைக்குச் சேர்ந்தபோது என்ன படித்திருந்தீர்கள்?", "பத்து வருடத்துக்கு முன் இருந்து இப்போது இல்லாத வேலை எது?" என்று கேட்கச் சொல்லுங்கள். இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு: "இது பழுதானால் யாரைக் கூப்பிடுவீர்கள்?" இந்தக் கேள்வியைக் கேட்காமல் திரும்புவதும் போகாமல் இருப்பதும் ஒன்றுதான் என்பது என் கருத்து. ஆலையில் கண்ணுக்குத் தெரிகிறவர் மூட்டை தூக்குகிறவர். அவரை மட்டும் பார்த்த பிள்ளை "படிக்காவிட்டால் இதுதான்" என்று முடிவுகட்டி வரும், அவர் உழைப்பையும் இளக்காரமாக நினைக்கும். அந்தக் கேள்வியைக் கேட்டால் கறுத்துப்போன அரிசியைக் கேமரா பார்த்துக் காற்றால் ஊதித் தள்ளும் சார்ட்டெக்ஸ் இயந்திரத்துக்கு சர்வீஸ் செய்கிறவர், கம்ப்ரஸர் மெக்கானிக், மோட்டார் காயில் கட்டுகிறவர், எடைமேடையைச் சரிபார்த்து முத்திரையிடும் அதிகாரி, ஜிஎஸ்டி கணக்குப் பார்க்கிறவர், அரசுத் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கிய பாய்லர் ஆபரேட்டர், அரிசித் தரம் பார்க்கும் ஆய்வகக்காரர் என்று ஒவ்வொருவராக வெளியே வருவார்கள். ஆலைக்குள் பத்து வேலை என்றால், ஆலையை ஓடவைக்க வெளியே இன்னொரு பத்து இருக்கும்.

திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். கேட்டுவந்த ஒவ்வொரு வேலைக்கும் ஏணி வரையச் சொல்லுங்கள்: பத்தாவது முடித்து ஐடிஐ இரண்டு வருடம், அங்கிருந்து பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டு, டிப்ளமோவிலிருந்து பி.இ.யில் நேரே இரண்டாம் ஆண்டு. பதினொன்றில் எந்தப் பிரிவு எடுத்தால் எந்தக் கதவு திறக்கும், எது மூடும் என்பதை இதே தாளில் குறித்தால் பத்தாவது முடித்தபின் வீட்டில் நடக்கும் பாதிச் சண்டை குறையும். தஞ்சாவூரிலேயே தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது, பி.டெக். படிப்புக்கு ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது நெல் பதப்படுத்தும் ஆராய்ச்சி மையமாகத் தொடங்கிய இடம் என்பது ஆலைக்குப் போய்வந்த பிள்ளைக்குத் தனி உற்சாகம் தரும்.

பெண் பிள்ளைகளை அனுப்ப மாட்டேன் என்கிற பெற்றோர் இருப்பார்கள். மேலாண்மைக் குழு அம்மா ஒருவர் கூடவே வருகிறார் என்றால் பெரும்பாலும் இறங்கி வருவார்கள். துப்பட்டாவைப் பின் குத்தி, பின்னலை மடித்துக் கட்டி, காலில் ஷூவோடு வரச் சொல்லுங்கள். மூச்சிழுப்பு உள்ள பிள்ளையைத் தவிட்டுத் தூசிக்குள் கூட்டிப்போக வேண்டாம், அலுவலக அறையில் கணக்கரோடு உட்காரவைக்கலாம்.

இரண்டாவது தடவைக்கு 15 பேரும் தேவையில்லை, உண்மையாகவே ஆசைப்பட்ட மூன்று, நான்கு பேர் ஆசிரியர் ஒருவரோடு போனால் போதும். அரை நாள் ஒரே ஆளைப் பின்தொடர்ந்து அவர் செய்வதை மணிவாரியாகக் குறிக்கட்டும். அப்போது முதல் தடவை வரைந்த ஏணித் தாளைக் கையோடு கொண்டுபோய் ஆலைக்காரரிடம் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். அவர் பேனா எடுத்து "இந்தப் படிப்பு வேண்டியதில்லை, இதைப் போடு" என்று தன் கையால் எழுதிவிட்டால், அடுத்த வருடத்துக்கு நீங்கள் மனு எழுத வேண்டியிருக்காது.