மனம்திறந்து எழுதலாம், எதுவரை?

கேள்வி: 9 ஆண்டுகளாக மென்பொருள் டெஸ்டிங் வேலையில் இருக்கிறேன். அடுத்த ஆண்டு வேலையை விட்டுவிட்டுத் தனியாக ஆலோசனை வழங்கலாம் என்று திட்டம். அதற்காக லிங்க்ட்இன்னில் எழுத ஆரம்பித்தேன். கறாராக எழுதினால் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அப்பாவின் அறுவை சிகிச்சையை வைத்து, மென்பொருள் சோதனை எவ்வளவு முக்கியம் என்று ஒரு பதிவு போட்டேன், லைக் குவிந்தது. ஆனால் கூட வேலை பார்ப்பவர், “இது என்ன டைரியா?” என்று கேட்டுவிட்டார். நான் நானாகவும் இருக்க வேண்டும், தொழில்முறையாகவும் தெரிய வேண்டும். எல்லைக்கோட்டை எங்கே போடுவது? அந்தப் பதிவை எடுத்துவிடவா?

பதில்: ஒரு முனையில் இயல்பு, மறுமுனையில் தொழில்முறை, நடுவில் சரியான புள்ளி ஒன்று இருக்கும் என்று தேடுகிறீர்கள். அப்படி ஒரு புள்ளி கிடையாது. சொல்வது உண்மையா, உங்கள் பேச்சு போல இருக்கிறதா என்பது ஒரு கேள்வி. படிப்பவருக்குப் பயன் உண்டா, அதனால் வேறு யாருக்காவது சங்கடம் வருமா என்பது இன்னொன்று. இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். ஒன்றில் தேறி மற்றதில் தோற்கும் பதிவுகள்தான் இப்படிக் குழப்பும்.

எல்லைக்கோட்டைப் பதிவு எழுதும் நேரத்தில் போடாதீர்கள், முன்கூட்டியே போட்டு வையுங்கள். ஒரு தாளில் மூன்று பத்திகள்: தாராளமாகப் பேசுவது, யாராவது கேட்டால் மட்டும் பேசுவது, ஒருபோதும் பேசாதது. ஒவ்வொன்றிலும் நான்கைந்து விஷயங்கள் போதும். பிழை பிடிக்கும் முறைகள் முதல் பத்தியில் வரலாம். வேலையை ஏன் விட்டீர்கள் என்பது இரண்டாவதில். குழந்தைகளின் படம், மேலாளரோடு இருந்த மனக்கசப்பு, கிளையன்ட் யார் என்பது மூன்றாவதில். இரவு பதினொரு மணிக்குக் கோபத்தோடு தட்டச்சு செய்யும்போது எடுக்கும் முடிவு பெரும்பாலும் தப்பாகத்தான் இருக்கும், தாள் அதற்காகத்தான். இன்னொரு காரணமும் உண்டு. நேரில் மேலாளரிடம் ஒரு மாதிரி, பழைய வகுப்புத் தோழனிடம் ஒரு மாதிரி பேசுவோம். இணையத்தில் இருவரும் ஒரே வரியைப் படிக்கிறார்கள், நாளைய கிளையன்டும் சேர்த்து. சமூக ஊடக ஆய்வாளர்கள் இதைச் சூழல் சரிவு என்பார்கள். பதிவிடும் முன் இந்த மூவரும் எதிரில் உட்கார்ந்திருப்பதாக நினைத்து வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். எந்த வரியில் குரல் தயங்குகிறதோ, அந்த வரியில்தான் வேலை இருக்கிறது.

அடுத்து, பெயருக்குக் கீழே வரும் தலைப்பு வரி. லிங்க்ட்இன் அதற்கு 220 குறிகள் தருகிறது. தமிழில் எழுதினால் ‘கி’ என்ற ஓர் எழுத்து கணினிக்கு இரண்டு குறிகள் என்பதால் இடம் வேகமாகத் தீரும். “தரத்தின் மீது தீராக் காதல், மாற்றத்தின் தூதர்” என்பதை யார் பெயருக்குக் கீழும் ஒட்டலாம். அதனாலேயே அது யாரையும் குறிக்காது. “பணப் பரிமாற்றச் செயலிகளைச் சோதிக்கிறேன். ரிலீஸுக்கு முன் தேதி, தொகைப் பிழைகளைப் பிடிப்பது என் வேலை” என்றால் அதில் அலங்காரமே இல்லை, ஆனால் ஆள் தெரிகிறார். புகைப்படத்துக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம்: அண்மையில் எடுத்தது, முகம் தெளிவானது, எல்லாத் தளத்திலும் ஒன்றே.

கறாராக எழுதினால் யாரும் படிப்பதில்லை என்கிறீர்கள். கறார் அதற்குக் காரணமாக இருக்காது. அந்தப் பதிவுகளில் நீங்கள் வாயால் ஒருபோதும் சொல்லாத சொற்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். சொல்ல வேண்டியதைச் சக ஊழியரிடம் விளக்குவதுபோல இரண்டு நிமிடம் கைபேசியில் பேசிப் பதிவு செய்து, அதை எழுத்தாக்கி, பாதியாக வெட்டுங்கள். செயற்கை நுண்ணறிவுக் கருவியிடம் முதல் வரைவைக் கேட்டால் வழுவழுப்பாக வரும். உங்களிடம் மட்டும் இருக்கும் விவரம் அதில் இருக்காது. எழுத்துப்பிழை பார்க்க அதைப் பயன்படுத்துங்கள்.

தோல்வியைப் பற்றி எழுதுவதில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1966-இல் உளவியலாளர் எலியட் ஆரன்சனும் சகாக்களும் ஒரு சோதனை நடத்தினார்கள். வினாடி வினாவில் 92 சதவீதம் சரியாகப் பதில் சொன்னவர் தன்மேல் காப்பியைக் கொட்டிக்கொண்டதை ஒலிப்பதிவில் கேட்டவர்களுக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது. 30 சதவீதம் மட்டும் சொன்னவர் அதையே செய்தபோது அவர் மதிப்பு குறைந்தது. ஆக, தடுமாற்றம் ஒருவரை நெருக்கமாக்குவது, அவருக்கு வேலை தெரியும் என்று முதலில் தெரிந்திருந்தால்தான். முதல் எட்டுப் பத்துப் பதிவுகளில் வேலையைக் காட்டுங்கள். பிறகு சொதப்பலைச் சொல்லுங்கள், அதையும் வேலையாகவே: “பிப்ரவரி 29-இல் சந்தா எடுத்தவருக்கு மறு ஆண்டு புதுப்பிக்கும் தேதி கிடைக்காமல் செயலி நின்றது. என் சோதனைத் தரவில் அந்தத் தேதியே இல்லை. இப்போது ஒவ்வொரு ரிலீஸிலும் லீப் ஆண்டுத் தேதி ஒன்றைச் சேர்க்கிறேன்.” என்ன நடந்தது, ஏன் தவறியது, என்ன மாறியது, கண்ணீர் தேவையில்லை. எழுதும்போது இன்னும் யார் மீதாவது பழி போடத் தோன்றினால், அந்தச் சம்பவம் பதிவாகும் அளவுக்கு ஆறவில்லை.

இப்படி எழுதும்போது பெயரை மட்டும் நீக்கிவிட்டு கிளையன்டை மறைத்துவிட்டதாக நினைக்காதீர்கள். துறை, ஊர், மாதம் மூன்றும் சேர்ந்தாலே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். இரண்டையாவது பொதுவாக்குங்கள், ஆனால் பொய் விவரம் புகுத்தாதீர்கள். இன்னும் வேலையில் இருப்பதால், ஒப்பந்தத்தின் ரகசியக் காப்பு விதியையும் நிறுவனத்தின் சமூக ஊடக விதிகளையும் ஒருமுறை முழுதாகப் படித்துவிடுங்கள். விதி இடம் தராவிட்டால் எவ்வளவு மறைத்தாலும் எழுதக் கூடாது.

சாதனையிலும் அளவு பிசகக் கூடாது. குழுவாகச் செய்ததில் உங்கள் பங்கு எது என்று சொல்லுங்கள். குழுவில் இருந்தவர்களும் படிக்கிறார்கள். “எனக்கு இதற்குத் தகுதி உண்டா தெரியவில்லை, ஆனாலும் விருது கிடைத்திருக்கிறது” என்ற பொய்ப் பணிவைவிட, “விருது கிடைத்தது, மகிழ்ச்சி” என்பது நேர்மையாகக் கேட்கிறது. எழுதியதில் தவறு இருந்தால் சத்தமில்லாமல் நீக்காமல், பதிவின் மேலேயே ‘திருத்தம்’ என்று போட்டு விளக்குங்கள். மறுத்துப் பேசுபவருக்குக் காரணத்தோடு ஒரு பதில் போதும். வாரம் ஒரு பதிவு என்பது ஓராண்டுக்குத் தாங்கும் வேகம். தினமும் என்று ஆரம்பிப்பவர்களுக்குச் சொல்ல விஷயம் சீக்கிரம் தீர்ந்து, மேற்கோள் படங்களுக்குத் தாவிவிடுவார்கள்.

இனி அந்த அறுவை சிகிச்சைப் பதிவு. நடந்தது உண்மை, உங்கள் கவலையும் உண்மை. முதல் சிக்கல், அந்தக் கதை அப்பாவுடையதும்கூட. அவருடைய உடல்நிலையை முன்பின் தெரியாதவர்கள் படிக்கச் சம்மதமா என்று அவரைக் கேட்டீர்களா? இன்றே கேளுங்கள். வேண்டாம் என்றால் உடனே எடுத்துவிடுங்கள், விளக்கம் எதுவும் போட வேண்டாம். சரி என்றால் பதிவு இருக்கட்டும். மருத்துவமனையிலிருந்து சாஃப்ட்வேர் டெஸ்டிங்குக்குத் தாவும் கடைசி வரிகளை மட்டும் வெட்டிவிடுங்கள். உங்கள் சக ஊழியரை உறுத்தியது பெரும்பாலும் அந்தத் தாவலாகத்தான் இருக்கும்.