நாயோடு கடற்கரை, வயல்வெளி: கயிறு நீளமாக, நடை சிறிதாக

கேள்வி: எங்கள் லேப்ரடாருக்கு நான்கு வயது, ஆண், எடை 41 கிலோ. வேளச்சேரியில் அடுக்குமாடி வீடு. தினமும் தெருவில் அரை மணி நேரம் நடக்க வைக்கிறோம். பொங்கல் விடுமுறையில் முதன்முறையாகக் கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் கடற்கரைக்கும், பிறகு மதுராந்தகம் அருகே என் மாமனார் ஊருக்கும் அழைத்துச் செல்ல ஆசை. அங்கே ஏரிக்கரையும் வயலும் உண்டு. கயிற்றை அவிழ்த்து விடலாமா? கடலில் இறங்க விடலாமா? எவ்வளவு தூரம் நடக்கலாம்? (வாசகர், வேளச்சேரி)

பதில்: கயிற்றை அவிழ்க்க வேண்டாம்; நீளமாக்குங்கள். எவ்வளவு தூரம் என்பதை நாயின் மூக்கிடம் விட்டுவிடுங்கள்.

நாம் கடற்கரைக்குப் போவது பார்க்க. நாய் போவது மோப்பம் பிடிக்க. கரை ஒதுங்கிய ஒரு கைப்பிடி கடற்பாசியை அது ஐந்து நிமிடம் முகரும். அதுதான் அதன் உலா. வேளச்சேரித் தெருவில் ஒன்றரை மீட்டர் கயிற்றில் ஒரு மின்கம்பத்திலிருந்து அடுத்த மின்கம்பத்துக்கு இழுபட்டுப் போகும் நாய்க்கு, ஆறு முதல் எட்டு மீட்டர் கயிறு கிடைத்தாலே அது பெரிய சுதந்திரம். அரை மணி நேரம் மோப்பம் பிடித்துவிட்டு வந்த நாய் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவதைப் பாருங்கள். நான்கு கிலோமீட்டர் வேக நடைக்குப் பிறகும் அந்தத் தூக்கம் வருவதில்லை.

நீளக் கயிற்றைப் பிடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. நைலான் வேண்டாம், 41 கிலோ நாய் திடீரென்று பாய்ந்தால் உள்ளங்கைத் தோல் உரிந்துவிடும். தடித்த பருத்திக் கயிறு நல்லது. அதைக் கழுத்துப்பட்டையில் மாட்டாதீர்கள். எட்டு மீட்டர் ஓடிய வேகத்தில் கயிறு சட்டென்று இறுகினால் அடி முழுவதும் தொண்டையில் விழும். ஹார்னஸ் எனப்படும் மார்புப் பட்டையின் முதுகு வளையத்தில் மாட்டுங்கள். கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொள்ளவே கூடாது. நுனியைக் கையில் வைத்துக்கொண்டு மீதியைத் தரையில் இழுபட விடுங்கள். எதிரே குழந்தையோ ஆடோ வருகிறது என்றால், முதலில் கயிற்றின் மேல் காலை வையுங்கள். பிறகு குனிந்து கைமாற்றிக் கைமாற்றிச் சுருட்டி நாயை அருகே கொண்டுவாருங்கள். கையால் இழுத்து நிறுத்த முயன்றால் நீங்கள்தான் விழுவீர்கள். ஊருக்குப் போகுமுன் காலி மைதானம் ஒன்றில் இதைப் பழகிவிடுங்கள்.

"எங்கள் நாய் சாது, யாரையும் கடிக்காது" என்று லேப்ரடார் வைத்திருக்கும் எல்லோரும் சொல்வார்கள். உண்மையாகவே இருக்கட்டும். சினையாக இருக்கும் ஆட்டுக்கு அது தெரியாதே. விளையாட்டுக்கு விரட்டினாலும் ஆடு உயிர் பயத்தில்தான் ஓடும், குட்டி கலைந்துபோகக்கூடும். கிடை போட்டிருப்பவருக்கு அது பண நஷ்டம். உங்கள் மாமனாருக்கு ஊருக்குள் தலைகுனிவு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். ஆண் லேப்ரடார் 29 முதல் 36 கிலோ வரை இருக்கலாம். 41 என்றால் கூடுதலாக இருப்பது பெரும்பாலும் கொழுப்பு. விலா எலும்புகளை விரலால் தடவிப் பாருங்கள். லேசாகத் தொட்டாலே ஒவ்வொன்றாக எண்ண முடிய வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் நாய் குண்டு என்று பொருள். கொழுத்த நாய்க்கு மூட்டு வலி மட்டுமல்ல, உடம்புச் சூடும் எளிதில் இறங்காது. பொங்கலுக்குள் ஐந்து கிலோ குறைக்க முடியாது. பிஸ்கட்டையும் தயிர்ச்சோற்றையும் இன்றே குறைக்கலாம். உலாவைத் தொடக்கத்தில் முப்பது, நாற்பது நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சூடு என்றதும் மே மாதம்தானே என்று நினைக்க வேண்டாம். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்து, ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டைத் தணிக்கிறது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஆவியாதல் சரியாக நடக்காது. கடலோரத்தின் சிக்கலே இதுதான்: நமக்கு இதமாகத் தோன்றும் காலையிலும் புழுக்கம் இருக்கும், பந்தை வீச வீச லேப்ரடார் ஓடிக்கொண்டே இருக்கும். போதும் என்று நிறுத்தத் தெரியாத இனம் அது. நிறுத்த வேண்டியது நீங்கள். ஜனவரியில் காலை ஆறரையிலிருந்து எட்டு வரை, மாலையில் ஐந்தரைக்குப் பிறகு என்பது பொருத்தமான நேரம். சாலையோ மணலோ சுடுகிறதா என்று அறியப் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

நாக்கு மண்வெட்டிபோல அகன்று தொங்குவது, ஈறு செங்கல் நிறத்துக்கு மாறுவது, எச்சில் கெட்டியாக ஒழுகுவது, நடை தள்ளாடுவது ஆகியவை வெப்பத் தாக்கின் அறிகுறிகள். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். 106-ஐத் தாண்டினால் உறுப்புகள் கெடத் தொடங்கும். அந்த நேரத்தில் நாயைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, இருந்த இடத்திலேயே நிழலில் கிடத்தி உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறுவது. ஈரத் துண்டைப் போர்த்திவிட்டு உட்காராதீர்கள். சிறிது நேரத்தில் அந்தத் துண்டே சூட்டை உள்ளே தேக்கும்.

கடற்கரையில் இடம் தேர்ந்தெடுப்பதைப் பற்றி. கோவளத்தில் 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதியைத் தவிர்த்துவிடுங்கள். நாய்களைக் கட்டுப்படுத்த வேண்டும் என்பது அந்தச் சான்றின் விதிகளில் ஒன்று. கூட்டம் இல்லாத மணல்வெளி அந்தச் சாலை நெடுகிலும் இருக்கிறது. ஆனால் பெரும்பாலான இடங்களில் அருகே ஒரு மீனவர் குப்பம் இருக்கும். உலர்த்திய வலையின் மேல் உங்கள் நாய் காலைத் தூக்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வலை, படகு, கருவாடு காயும் இடம் ஆகியவற்றிலிருந்து நன்றாகத் தள்ளி நடந்தால் சண்டையும் இல்லை, தூண்டில் முள்ளும் இல்லை. முள் வாயில் குத்திவிட்டால் இழுக்காதீர்கள். அதன் கொக்கி சதையைக் கிழித்துக்கொண்டுதான் வெளியே வரும். முள்ளைத் தூண்டில் நரம்போடு விழுங்கிவிட்டது, நரம்பின் நுனி வாயில் தெரிகிறது என்றால் அதையும் இழுக்காமல் அப்படியே மருத்துவரிடம் கொண்டுவாருங்கள்.

வலையிலிருந்து கழித்துப் போட்ட மீன்களில் பேத்தை இருக்கும். உப்பிய வயிறு, கிளி மூக்குபோன்ற பல். அதன் நஞ்சு காய்ந்தாலும் போகாது, மாற்று மருந்தும் கிடையாது. நாய் அதைக் கடித்து விழுங்கினால் சிறிது நேரத்தில் தசைகள் செயலிழந்து மூச்சு நிற்கக்கூடும். லேப்ரடாருக்குத் தரையில் கிடப்பதெல்லாம் சாப்பாடு என்பதால், மற்ற எல்லாவற்றையும்விட நான் அஞ்சுவது இதற்குத்தான். "விடு" என்றால் வாயிலிருப்பதைப் போட்டுவிடும் பழக்கம் உங்கள் நாய்க்கு உண்டா? இல்லையென்றால் இப்போதே சிறு இறைச்சித் துண்டுகளைப் பண்டமாற்றாகக் கொடுத்துப் பழக்குங்கள்.

நீங்கள் போகும் ஜனவரி மாதம், பங்குனி ஆமைகள் எனப்படும் கடலாமைகள் முட்டையிட வரும் பருவத்தின் தொடக்கம். மார்ச் வரை இது நீடிக்கும். சென்னைக் கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவு முழுவதும் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகங்களில் வைக்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பிய குழி ஒன்றை நாய் மோப்பம் பிடித்துத் தோண்டினால் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள் பாழ். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றமும்கூட. இருட்டியபின் அந்த மணலில் நாயோடு நடக்காதீர்கள். பகலில் செத்து ஒதுங்கிய ஆமைகளும் கிடக்கலாம். 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் அவை நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. அந்த நாற்றத்தில் புரள்வதைவிட நாய்க்குப் பெரிய இன்பம் இல்லை. உங்களுக்கோ காரில் வீடு திரும்ப வேண்டும்.

கடலில் இறங்கலாம், முழங்கால் அளவுக்கு, கயிற்றோடு. நீந்தத் தெரிந்த நாயையும் உள்ளிழுக்கும் நீரோட்டம் கொண்டுபோய்விடும். பெரிய ஆபத்து அலையைவிட உப்புநீர். அலையைக் கடித்து விளையாடும்போதும் பந்தைக் கவ்வும்போதும் வாய் வாயாக உள்ளே போகும். முதலில் வாந்தி, பேதி. அளவு மிஞ்சினால் வலிப்பு வரை கொண்டுபோகும். மணலில் கால் வைக்குமுன் வயிறாரத் தண்ணீர் கொடுங்கள், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கிண்ணத்தை நீட்டுங்கள். தாகம் தணிந்த நாய் கடலைக் குடிப்பது குறைவு. ஜெல்லி மீன் பட்டுவிட்டால் கடல்நீராலேயே அலசுங்கள். நல்ல தண்ணீரும் மணல் தேய்ப்பும் எரிச்சலைக் கூட்டும். பாதத்தில் தார் ஒட்டினால் தேங்காய் எண்ணெய் தடவி எடுக்கலாம், மண்ணெண்ணெய் கூடாது.

வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காது மடலைத் தூக்கிப் பஞ்சால் ஈரத்தை ஒற்றி எடுங்கள். தொங்கும் காதுக்குள் ஈரம் தேங்கினால் சில நாட்களில் புளித்த வாடையும் சொறிதலும் தொடங்கும். நீண்ட நேரம் நீந்திய மறுநாள் வால் கம்பு ஒடிந்ததுபோலத் தொங்கினால் பதற வேண்டாம். அது வால் தசைப் பிடிப்பு. ஓய்வில் சில நாட்களில் சரியாகும். வலி அதிகமாக இருந்தால் மட்டும் மருத்துவரிடம் வாருங்கள்.

கழிவை அள்ளிக்கொண்டு வர வேண்டும் என்பதற்கு நாகரிகம் மட்டும் காரணமல்ல. நாயின் மலத்திலுள்ள கொக்கிப்புழு முட்டைகள் மணலில் பொரிந்து, வெறுங்காலோடு விளையாடும் குழந்தைகளின் தோலுக்குள் புகுந்து நெளியும்.

இனி மாமனார் ஊர். அறுவடை முடிந்த வயல் நடப்பதற்கு மிக அருமையான இடம். ஆனால் நெல் தாள் கண்ணைக் குத்தும், வரப்பில் நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் இருக்கும். திரும்பி வந்ததும் நான்கு பாதங்களையும் ஒவ்வொன்றாக மடியில் எடுத்து, விரல் இடுக்குகளைப் பிரித்துப் பாருங்கள். முள்ளையும் உண்ணியையும் ஒரே நேரத்தில் கண்டுபிடிக்கலாம். உண்ணி பிடிக்கும் மற்ற இடங்கள் காதின் உட்புறம், கழுத்துப்பட்டையின் அடி, அக்குள். ஊரிலிருந்து வந்த மூன்று வாரத்துக்குள் நாய் சாப்பிடாமல் சோர்ந்தால், மூக்கில் ரத்தம் கசிந்தால், "ஊருக்குப் போய் வந்தோம்" என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். உண்ணிக் காய்ச்சலை அந்த ஒரு வாக்கியம் பாதி கண்டுபிடித்துக் கொடுத்துவிடும்.

தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம் என்பதால், ஆண்டுதோறும் போடும் கூட்டுத் தடுப்பூசியில் அதற்கான பகுதியும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ரேபிஸ் தடுப்பூசி பற்றி இரண்டு கருத்துக்கு இடமில்லை. சென்னை மாநகராட்சி உரிமத்துக்கும் அது வேண்டும்.

வயலுக்குப் போகுமுன் மாமனாரிடம் கேட்க வேண்டியவை இரண்டு. யார் யார் வயலில் எலி மருந்தோ பூச்சிமருந்தோ வைத்திருக்கிறார்கள்? காட்டுப்பன்றிக்காக யாராவது மின்கம்பி இழுத்திருக்கிறார்களா, அவுட்டுக்காய் என்னும் நாட்டுவெடியை வைத்திருக்கிறார்களா? இரண்டாவது சட்டவிரோதம் என்பதால் பலகை வைத்து அறிவிக்க மாட்டார்கள், ஊர்க்காரருக்குத்தான் தெரியும். அவரையே உடன் அழைத்துக்கொண்டு போனால் தெருநாய்த் தொல்லையும் பாதி குறையும். ஊர் நாய்கள் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடாதீர்கள். உங்கள் நாயை உங்களுக்கு மறுபுறம் மாற்றிக்கொண்டு அதே வேகத்தில் அவற்றின் எல்லையைக் கடந்துவிடுங்கள். வேடந்தாங்கல் அருகில்தானே என்று நாயோடு அங்கே கிளம்ப வேண்டாம். சரணாலயத்துக்குள் செல்லப் பிராணிகளுக்கு இடமில்லை. ஜனவரியில் பறவைகள் கூடுகட்டியிருக்கும்.

பாம்பு கடித்தால் நாயை நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு காருக்கு வாருங்கள். கட்டுப் போடுவது, கீறுவது, பச்சிலை தேடுவது எல்லாம் நேர விரயம். மனிதருக்குப் போடும் அதே நஞ்சு முறி மருந்துதான் நாய்க்கும். 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுத்துத் தரும் நஞ்சிலிருந்து தயாராவது அது. நீங்கள் கடற்கரைக்குப் போகும் வழியில்தான் அந்த ஊர் இருக்கிறது. ஆனால் எல்லாக் கால்நடை மருத்துவமனையிலும் அந்த மருந்து கையிருப்பில் இருக்காது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உங்கள் மாமனார் ஊரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். செங்கல்பட்டு, மதுராந்தகம் பக்கம் எங்கே மருந்து இருக்கிறது என்று புறப்படுவதற்கு முன்பே தொலைபேசியில் கேட்டு எண்ணைக் குறித்து வையுங்கள்.

நடைக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பு சோறு வேண்டாம். வந்து ஒரு மணி நேரம் கழித்துப் போடுங்கள். நிறைந்த வயிற்றோடு குதித்தால் பெரிய நாய்களுக்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு.

மாட்டுப் பொங்கல் அன்று மட்டும் நாயை வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். மேளமும் வெடியும் மிரண்ட மாடுகளும் நிறைந்த தெரு, அடுக்குமாடியில் வளர்ந்த லேப்ரடாருக்கு முதல் நாள் பாடமாக இருக்க வேண்டியதில்லை.